பேப்பர் எடைக்கு வந்த மாயாவி

பழைய இரும்பு, போத்தல், பேப்பர் வாங்கும் சகோதரர்கள் நிலாவெளி, இக்பால் நகர், குச்சவெளிப் பக்கங்களில் வீடு வீடாகப் போவதை நாம் தினமும் காண்கிறோம். அவர்களின் தராசில் ஏறும் பொருளுக்கு ஒரே கேள்விதான்: எத்தனை கிலோ? பழைய பத்திரிகையும், பிள்ளைகளின் கொப்பியும், கலண்டர் மட்டையும் அங்கே ஒரே விலைக்குப் போகும்.

ஒரு வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அலுமாரிக்கு மேலே முப்பது வருடமாகக் கிடந்த ஒரு பெட்டி வெளியே வருகிறது. வீட்டுக்கார உம்மாவுக்கு அது குப்பை. மௌத்தாகிப் போன கணவர் இளமையில் வாங்கிச் சேர்த்த படக்கதைப் புத்தகங்கள். "இதையும் சேர்த்து நிறுங்க தம்பி" என்கிறார். மேலே இருக்கும் புத்தகத்தின் அட்டையில் இரும்புக் கையொன்று நீண்டிருக்கிறது.

அந்த வியாபாரிக்கு அது என்னவென்று தெரியாவிட்டால் கதை அத்தோடு முடிந்தது. தெரிந்தால்தான் பிரச்சினை தொடங்குகிறது. அந்தப் பெட்டியைச் சரியான முறையில் தரம் பார்த்து, யார் எழுதியது, யார் வரைந்தது என்று உறுதி செய்து, குறையை மறைக்காமல் விற்பது எப்படி என்பதைத்தான் இந்த வாரம் எழுதுகிறோம். உருவப் படங்கள் உள்ள நூல்களை விற்பது பற்றி மனதில் ஐயம் உள்ளவர்கள் தமது ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். இங்கே நாம் பேசுவது வியாபார முறையை.

ஏன் இங்கே அபூர்வம்?

சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது 1972 ஜனவரியில். முதல் இதழே "இரும்புக்கை மாயாவி". ஆய்வுகூட உதவியாளர் ஒருவர் வலது கையை இழக்கிறார். இரும்புக் கை பொருத்தப்படுகிறது. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து அந்தக் கை மட்டும் தெரியும். அன்றைய பையன்களுக்கு வேறென்ன வேண்டும்!

ஆனால் அந்த வருடங்களில் இலங்கையில் சிறிமாவோ அம்மையாரின் அரசு. இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர்தான் இந்திய இதழ்கள் தாராளமாக வந்து குவிந்தன. ஆகவே 1972க்கும் 1977க்கும் இடைப்பட்ட இதழ்கள் இங்கே குறைவாகவே வந்திருக்க வேண்டும். வந்தவற்றிலும் எத்தனை மிஞ்சியிருக்கும்? எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பிள்ளையைத் தூக்கினார்களா, புத்தகத்தைத் தூக்கினார்களா? 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்தபோது கீழ்த்தட்டில் இருந்ததெல்லாம் போனது. தப்பியவற்றையும் உப்புக் காற்று விடவில்லை. ஸ்டேப்ளர் கம்பி துருப்பிடித்து, அந்தத் துரு நடுப்பக்கத்தில் மண்ணிறக் கோடாக இறங்கியிருக்கும். மிச்சத்தை இராமபாணப் பூச்சியும் கறையானும் பங்குபோட்டிருக்கும்.

அபூர்வம் என்பதனால் மட்டும் விலை வந்துவிடாது. தேடுகிறவன் வேண்டும். முத்து காமிக்ஸுக்கும், 1984 ஜூலையில் தொடங்கிய லயன் காமிக்ஸுக்கும், டைம்ஸ் ஒஃப் இந்தியா நிறுவனம் 1964 முதல் 1990 வரை நடத்திய இந்திரஜால் காமிக்ஸுக்கும் தமிழ்நாட்டிலும், தமிழர்கள் குடியேறிய நாடுகளிலும் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். சிறுவயதில் படித்ததை ஐம்பது வயதில் மீண்டும் கையில் பிடிக்க ஆசைப்படும் மனிதர்கள். பேரம் பேசத் தெரிந்தவர்கள். ஏமாற்றினால் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளவும் தெரிந்தவர்கள்.

தரம் என்றால் என்ன?

அமெரிக்காவில் இந்த வியாபாரம் பெரும் பணமாகிவிட்டது. சுப்பர்மேன் முதலில் தோன்றிய 1938ஆம் ஆண்டு அக்ஷன் கொமிக்ஸ் முதல் இதழின் அன்றைய விலை 10 சதம். அதன் ஒரு பிரதி 2014இல் ஈபேயில் 32 லட்சம் டொலருக்கு மேல் போனது. இன்னொரு பிரதி 2024இல் ஹெரிடேஜ் ஏலத்தில் 60 லட்சம் டொலருக்குப் போனது. இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் "நல்ல கொண்டிஷன் நானா" என்ற வாய்வார்த்தை செல்லாது. அதனால் 2000ஆம் ஆண்டில் சீ.ஜீ.சீ. என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. புளோரிடா மாநிலத்தில் இருக்கிறது. விற்பவனும் அல்லாத, வாங்குபவனும் அல்லாத மூன்றாவது ஆள் புத்தகத்தைப் பார்த்துப் புள்ளி போடுவதுதான் அதன் வேலை.

புத்தகத்தை அனுப்பினால் முதலில் பக்கங்களை எண்ணுகிறார்கள். பிறகு யாராவது கை வைத்திருக்கிறார்களா என்று தேடுகிறார்கள். நிறம் பூசப்பட்டதா, ஓரம் வெட்டப்பட்டதா, கிழிசல் ஒட்டப்பட்டதா, கம்பி மாற்றப்பட்டதா என்று பார்ப்பார்கள். ஒருவருக்கு மேற்பட்டோர் பார்த்து 0.5 முதல் 10 வரை ஒரு புள்ளி கொடுக்கிறார்கள். தாளின் நிறத்தையும் தனியாகக் குறிக்கிறார்கள். பின்னர் தடித்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி, சான்றிலக்கம் போட்ட சிட்டையைத் தலையில் பதிக்கிறார்கள். சிட்டையின் நிறத்துக்கும் அர்த்தம் உண்டு. சாதாரணமானது நீலம். திருத்தம் செய்யப்பட்டது ஊதா. ஏதாவது பெரிய குறையைத் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தால் பச்சை. அவர்களது சாட்சியின் முன்னிலையில் கையெழுத்திடப்பட்டது மஞ்சள்.

பச்சைக்கு ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். 1974இல் வந்த ஹல்க் 181ஆம் இதழில் வூல்வரின் என்ற பாத்திரம் முதல் முறையாக முழுக் கதையில் வருகிறது. அந்த நாட்களில் அந்தக் கம்பனி உள்ளே ஒரு முத்திரை அச்சிட்டு, வெட்டிச் சேர்க்கச் சொன்னது. பிள்ளைகளும் சொன்னபடி வெட்டினார்கள். இன்று அந்த ஒரு சிறு துண்டு இல்லாத பிரதிக்கும் இருக்கும் பிரதிக்கும் விலையில் பெரிய இடைவெளி.

வியாபாரிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய வேடிக்கை ஒன்றும் உண்டு. அவர்களுடைய பாஷையில் "குட்" என்றால் நல்லது அல்ல. 10க்கு 2 புள்ளி. முதுகு கிழிந்து, மடிந்து, பாவித்துப் பழசான புத்தகம். "ஃபைன்" என்றால் 6. "நியர் மின்ட்" என்றால் 9.4. வெளிநாட்டு வாங்குநருக்கு நாம் வெகுளியாக "வெரி குட்" என்று எழுதினால் அவர் 4 புள்ளி என்று வாசித்து அதற்கேற்ற விலைதான் கேட்பார். கிழிந்த புத்தகத்தை "மின்ட்" என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

நிலாவெளிப் பெட்டி எத்தனை புள்ளி எடுக்கும்? உண்மையைச் சொன்னால், துருவும் ஈரமும் பார்த்த புத்தகம் 2க்கும் 4க்கும் இடையில் நின்றாலே பெரிய விடயம். நம்மவர்களின் பழக்கங்கள் வேறு இருக்கின்றன. பத்து இதழைச் சேர்த்து பைண்ட் பண்ணுவார்கள். பைண்ட் பண்ணுபவர் மூன்று பக்கமும் ஓரத்தை வெட்டி, முதுகில் ஊசி போட்டுத் தைத்திருப்பார். வாடகைக்குப் புத்தகம் கொடுத்த கடையின் முத்திரை இருக்கும். சொந்தக்காரர் பேனையால் பெயர் எழுதி, திகதியும் போட்டிருப்பார். இவையெல்லாம் குறைகள்தான்.

அனுப்பினால் கட்டுமா?

கணக்குப் பார்ப்போம். கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் ஒரு மதிப்பீடாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு புத்தகத்துக்குத் தரம் பார்க்க 30 டொலர், இங்கிருந்து கூரியரில் அனுப்ப 50 டொலர், திரும்பி வர இன்னுமொரு 50 டொலர். மொத்தம் 130. டொலருக்கு 300 ரூபா என்று வைத்தால் 39,000 ரூபா. பல புத்தகங்களை ஒன்றாக அனுப்பினால் கூரியர் செலவு பங்காகும். ஆனால் தரக் கட்டணம் ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனியாக உண்டு. திரும்பி வரும்போது கொழும்பில் சுங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டியும் வரலாம். மாதக் கணக்கில் முதல் முடங்கிக் கிடக்கும். வழியில் பொதி தொலைந்தால் காப்புறுதி எழுதிய தொகைதான் கிடைக்கும்.

பழைய தமிழ் காமிக்ஸ் தேடும் அன்பர்களில் பெரும்பாலோர் புரட்டிப் படிக்க விரும்புகிறவர்கள். பூட்டிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும் 2.5 புள்ளி மாயாவிக்கு அவர்கள் 39,000 ரூபா கூடுதலாகத் தர மாட்டார்கள். எனவே எமது கருத்து இதுதான்: தமிழ்ப் படக்கதைகளை வெளிநாட்டுக்குத் தரம் பார்க்க அனுப்புவது அனேகமாக நட்டம். அனுப்பத் தகுந்தது எது? புள்ளி குறைவாக இருந்தாலும் பெட்டிச் செலவைத் தாங்கும் விலையுள்ள பழைய அமெரிக்கப் புத்தகம்.

அது நம் பக்கத்தில் கிடைக்குமா என்று சிரிக்காதீர்கள். திருகோணமலைத் துறைமுகத்தில் 1957 வரை பிரித்தானியக் கடற்படை இருந்தது. மாலுமிகள் படித்துவிட்டுப் போட்ட புத்தகம் எங்காவது ஒரு மரப்பெட்டியில் கிடக்கக்கூடும். கிடைத்தால் முதலில் செய்ய வேண்டியது விலையையும் அளவையும் பார்ப்பது. அமெரிக்க அசல் என்றால் சதத்தில் விலை இருக்கும். பென்ஸில் இருந்தால் பிரித்தானியாவிலோ அவுஸ்திரேலியாவிலோ அச்சிட்ட பதிப்பாக இருக்கலாம். அக்ஷன் கொமிக்ஸ் முதல் இதழையே 1974இல் அதே கம்பனி பெரிய அளவில் மறுபதிப்புச் செய்தது. வெளி அட்டையைக் கழற்றிவிட்டால் உள்ளே அசலின் அட்டை போலவே இருக்கும். அசல் சுமார் பத்தரை அங்குல உயரம், மறுபதிப்பு பதின்மூன்று அங்குலத்துக்கு மேல். அளவுகோல் ஒன்று இருந்தால் போதும். அளக்காமல் ஏமாந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

யார் வரைந்தது?

புள்ளி போடும் கம்பனி புத்தகத்தின் உடலைத்தான் பார்க்கிறது. படைப்பாளியின் பெயரை உறுதி செய்வது வேறு வேலை. அது பெரும்பாலும் விற்பவர் தலையில்தான் விழுகிறது. ஏனென்றால் பல பழைய படக்கதைகளில் பெயரே இருக்காது.

இரும்புக்கை மாயாவியையே எடுங்கள். அது சிவகாசியில் பிறந்த கதை அல்ல. 1962 ஒக்டோபரில் பிரித்தானியாவின் வேலியன்ட் வார இதழில் தொடங்கியது. முதலில் எழுதியவர் கென் புல்மர், பிறகு டொம் டலி. வரைந்தவர் ஸ்பெயின் நாட்டுக்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. இந்தப் பெயர்கள் அந்த இதழில் அச்சிடப்படவில்லை. பிரித்தானியப் படக்கதை வாரஇதழ்களில் எழுதியவர், வரைந்தவர் பெயரைக் கதையோடு சேர்த்து ஒழுங்காகப் போடும் வழக்கம் 1977இல் தொடங்கிய 2000 ஏ.டி. என்ற இதழுக்குப் பிறகுதான் வேரூன்றியது. ஆகவே 1972ஆம் ஆண்டுத் தமிழ்ப் பிரதியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாலும் பிளாஸ்கோவைக் காணமாட்டீர்கள்.

துப்பறியும் ரிப் கெர்பி கதை கிடைத்தால் இன்னும் கவனம் வேண்டும். அதை 1946இல் தொடங்கியவர் அலெக்ஸ் ரேமண்ட். இந்தத் துறையின் மிகப் பெரிய கைகளில் ஒன்று. அவர் 1956 செப்டெம்பரில் கார் விபத்தில் இறந்தார். அதற்குப் பின் நாற்பது வருடத்துக்கு மேல் வரைந்தவர் ஜோன் பிரென்டிஸ். தமிழில் வந்த ஒரு ரிப் கெர்பி புத்தகத்தை "அலெக்ஸ் ரேமண்ட் ஓவியம்" என்று எழுதி விற்பதற்கு முன்னர், அந்தக் கதை ஆங்கிலப் பத்திரிகையில் எந்த வருடம் வந்தது என்று தேட வேண்டும். மொடஸ்டி பிளெய்சியும் அப்படித்தான். எழுதியவர் கடைசிவரை பீட்டர் ஓ'டொனெல். வரைந்த ஜிம் ஹோல்டவே 1970இல் காலமான பிறகு கை மாறியது. வேதாளன் கதைகளை 1936இலிருந்து எழுதியவர் லீ ஃபோக். வரைந்தவர்களோ ரே மூர், வில்சன் மெக்கோய், சை பேரி என்று வரிசையாக மாறினார்கள். இந்திரஜாலின் அட்டைகள் பலவற்றை வரைந்தவரோ இந்திய ஓவியர் பி. கோவிந்த். அட்டை ஒருவர், உள்ளே இன்னொருவர்.

அச்சில் பெயர் இருந்தாலும் அதுவே முழு உண்மை என்று எடுத்துவிட முடியாது. 1939இல் வந்த பற்மேனுக்குப் பல பத்தாண்டுகள் பொப் கேன் என்ற ஒரு பெயர்தான் உரிமையோடு அச்சானது. கதையையும் உடையையும் உருவாக்குவதில் பெரும் பங்கு கொண்ட பில் ஃபிங்கர் 1974இல் மறைந்தார். அவரது பெயரை அதிகாரபூர்வமாகச் சேர்த்தது 2015இல்! டொனால்ட் டக் கதைகளில் வோல்ட் டிஸ்னியின் பெயர் மட்டும் இருந்தது. அவற்றில் மிகச் சிறந்தவற்றை வரைந்தவர் கார்ல் பார்க்ஸ். வாசகர்கள் கோட்டைப் பார்த்தே "இது அந்த நல்ல வாத்து ஓவியர்" என்று அடையாளம் கண்டார்கள். பெயர் 1960இல்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

இதில் எமக்கு மிகவும் பிடித்த ஆவணம் ஒரு காசோலை. சுப்பர்மேனின் உரிமையை 1938இல் ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரு இளைஞர்கள் 130 டொலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். கம்பனி கொடுத்த காசோலையில் அவர்கள் பெயரைக்கூடச் சரியாக எழுதவில்லை. அந்தப் பழைய காசோலை 2012இல் ஏலத்துக்கு வந்து 1,60,000 டொலருக்குப் போனது. யார் படைத்தார் என்பதற்குக் கையில் பிடிக்கக்கூடிய ஆதாரம் அது. வீட்டுப் பெட்டியில் புத்தகத்தோடு பதிப்பகத்தின் கடிதமோ, சந்தா ரசீதோ, தபால் உறையோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள் என்று நாம் சொல்வதும் இதனால்தான்.

எங்கே தேடுவது? 1994இல் தொண்டர்கள் தொடங்கிய கிராண்ட் கொமிக்ஸ் டேட்டாபேஸ் என்ற இணையப் பட்டியல் இலவசம். அங்கே ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. வரைந்தவர் யாரென்று ஊகிக்கிறார்கள், உறுதியில்லை என்றால் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுகிறார்கள். நாமும் அந்தக் கேள்விக்குறியைக் கூச்சமில்லாமல் போடலாம். "ஓவியர்: பிளாஸ்கோ, மூல இதழின்படி, இப்பிரதியில் பெயர் இல்லை" என்று எழுதினால் வாங்குபவர் மதிப்பார். முதற்பதிப்பா மறுபதிப்பா என்பதையும் அப்படியே. மாயாவி கதைகள் திரும்பத் திரும்ப மறுபதிப்பாகி இருக்கின்றன. காமிக்ஸ் கிளாசிக்ஸ் என்ற பெயரிலும் வந்தன. விலை, வெளியீட்டு எண், பின் அட்டை விளம்பரம் மூன்றையும் ஒப்பிடாமல் "1972 முதற்பதிப்பு" என்று வாய்விடக் கூடாது.

பெட்டிக்குள் பூட்டினாலும்

பிளாஸ்டிக் பெட்டியும் சான்றிலக்கமும் வந்துவிட்டால் மோசடி ஒழிந்ததா? இல்லை. 2023இன் இறுதியில் ஒரு விடயம் வெளியே வந்தது. உயர்ந்த புள்ளி பெற்ற பெட்டியைத் தடயமில்லாமல் திறந்து, உள்ளே தரம் குறைந்த பிரதியை மாற்றி வைத்திருந்தார்கள். சந்தேகத்துக்குரிய 300க்கும் மேற்பட்ட சான்றிலக்கங்களை அந்தக் கம்பனியே வெளியிட வேண்டியதாயிற்று. தராசுக்கும் தராசு தேவைப்படுகிறது.

தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மழையில் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட செய்தி முஸ்லிம் கிரந்தத்தில் வருகிறது. பழைய புத்தக வியாபாரிக்கு இதைவிடப் பொருத்தமான வழிகாட்டல் உண்டா? ஈரத்தை மேலே வைக்க வேண்டும். நாற்பதினாயிரம் ரூபா செலவழிக்காமல் அதைச் செய்யலாம். முன் அட்டை, பின் அட்டை, முதுகு, நடுப்பக்கக் கம்பி நான்கையும் வெளிச்சத்தில் படமெடுங்கள். பக்கங்களை எண்ணுங்கள். துரு, பூச்சி தின்ற இடம், எழுத்து, முத்திரை, வெட்டிய ஓரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் புத்தகத்தோடு கொடுங்கள். செலோடேப் ஒட்டாதீர்கள், லெமினேட் செய்யாதீர்கள். வெளிறிய இடத்தில் பிள்ளைகளின் வர்ணப் பேனையைப் பூசவே பூசாதீர்கள். அது அழகுபடுத்தல் அல்ல, மறைத்தல். ஈரம் எடுத்த பின் நல்ல பிளாஸ்டிக் உறையில் மட்டை வைத்து, கடலைப் பார்க்காத அறையில் நிமிர்த்தி வைத்தால் போதும்.

இனி, அந்த உம்மாவின் பெட்டி. இதுவரை சொன்னதெல்லாம் விற்கும் பக்கம். வாங்கும் பக்கம்தான் கனமானது. சந்தை விலை தெரியாத கிராமத்து வியாபாரிகளை அவர்கள் சந்தைக்கு வருமுன் வழியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். சந்தைக்கு வந்து விலையைத் தெரிந்துகொண்டால் விற்றவருக்கு வியாபாரத்தை முறிக்கும் உரிமையும் கொடுத்தார்கள். பேப்பர் எடைக்குப் பெட்டியைக் கொடுக்கும் உம்மா அந்தச் சந்தைக்கு ஒருநாளும் வரப்போவதில்லை. அவருக்கு விலை சொல்ல வேறு யாரும் இல்லை. விடயம் தெரிந்த வியாபாரி வாய்மூடி நிறுத்தால் அது எந்த வகை வியாபாரம் என்பதை அவரவர் தீர்மானித்துக்கொள்ளட்டும். மறுபக்கம், தேடிப் பார்ப்பதும், படமெடுப்பதும், மாதக் கணக்கில் வாங்குநரைக் காத்திருப்பதும் வியாபாரியின் உழைப்பு. அதற்கும் கூலி உண்டு. அதை யாரும் மறுக்கவில்லை.

இரண்டையும் சேர்க்க ஒரு நடைமுறை இருக்கிறது. பத்திரிகைகளையும் கொப்பிகளையும் வழமைபோல் நிறுத்துக் காசு கொடுங்கள். படக்கதைகளை மட்டும் எடுத்துத் தனியே வையுங்கள். "இது எடைக்குப் போகும் சாமான் அல்ல உம்மா, விற்றுத் தந்தால் எனக்கு இத்தனை பங்கு" என்று முன்கூட்டியே பேசி முடியுங்கள். புத்தகங்களின் பெயர், இதழ் எண், குறைகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். பட்டியலில் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் நீங்கள் கையெழுத்திட்டு, அவர் வீட்டு மகனிடமோ மருமகனிடமோ கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்குங்கள்.